மூத்தவள் வைத்த செடிகள்

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்தச் சம்பந்தத்தை அண்ணன்தான் பேசி முடித்தார். மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து ஒரு வங்கியில் காவலாளியாக இருந்தார். முதல் மனைவி இறந்து இரண்டு மழைக்காலம் போயிருந்தது. பிள்ளைகள் இல்லை. அவள் எப்படி இறந்தாள் என்று அண்ணன் கேட்டதற்கு, ஈரலில் கட்டி என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாராம்.

வீடு தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில். சின்ன வீடுதான், ஆனால் நல்ல காற்றோட்டம். வந்த முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். அடுப்படியின் பின்வாசல் கதவு எப்போதும் தாழிட்டே கிடந்தது. துணி காயப்போடக்கூட அவர் மொட்டை மாடிக்குத்தான் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கச் செடிகள். பழைய பெயின்ட் வாளிகளில் துளசி, கற்பூரவல்லி, கரிசலாங்கண்ணி. மதிலோரம் ஆள் உயரத்துக்கு ஓர் ஆவாரஞ்செடி. தூதுவளை, சுவரில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. கீழாநெல்லி வாளிகளை விட்டு வெளியே வந்து, சிமென்ட் தரையின் வெடிப்புகளில் எல்லாம் முளைத்துக் கிடந்தது. யாரும் தண்ணீர் ஊற்றியதாகத் தெரியவில்லை. சாரல் போதுமாக இருந்தது அவற்றுக்கு.

கேட்டேன். "அவ வச்சது" என்றார். அதோடு சரி.

அவளுடைய புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லாவற்றையும் கடையத்தில் இருக்கும் அவளுடைய அம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டதாக அண்ணனிடம் சொல்லியிருந்தார். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்திருப்பார் போல. ஆனால் முகம் தெரியாத ஒருத்தி இருந்துவிட்டுப் போன வீட்டில் நடமாடுவது, தெரிந்த ஒருத்தியின் வீட்டில் நடமாடுவதை விடக் கஷ்டம். டம்ளரை எடுக்கக் கை நீட்டும்போது, அலமாரியில் அது என் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். அவள் என்னைவிடக் குள்ளம் என்று அதில் இருந்து தெரிந்துகொண்டேன். அரிவாள்மனையின் பலகை இடது பக்கம் தேய்ந்திருந்தது. அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் ஒரு காய்ந்த வேர்த்துண்டு. நன்னாரி. அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அந்தக் கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு வெந்தயத்தை வேறு டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

கல்யாணமான அடுத்த வருடம், சாரல் தொடங்கும் முன்னே எனக்குக் காமாலை வந்தது. வாந்தியும் சோர்வும் முதலில் வெறும் பித்தம் என்றுதான் தோன்றியது. ஒரு நாள் வேலையிடத்தில் என் ரத்தத்தை நானே கொடுத்தேன். கூட வேலை பார்க்கும் பெண், ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் மெஷினைத் திறந்து குழாயை எடுத்தாள். எடுத்தவள் அதை என் பக்கம் நீட்டினாள். வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய தெளிந்த நீர், மாம்பழச் சாறு மாதிரி இருந்தது. எத்தனையோ பேருடைய குழாயை அப்படிப் பார்த்து, எண்ணை எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். என்னுடையது என்றதும் குழாயில் ஒட்டியிருந்த பெயரை மறுபடி படித்தேன்.

தண்ணீரால் வந்த காமாலைதான், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஓய்வு எடுக்கணும், எண்ணெய் சேர்க்கக்கூடாது, வாராவாரம் ரத்தம் பார்க்கணும். இதற்கென்று பெரிதாக மருந்து இல்லை, உடம்பே சரிசெய்துகொள்ளும் என்றார். நான் படுத்துவிட்டேன். என் கணவர் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். திரும்பி வந்ததும் கதவருகில் நின்று என் கண்ணைப் பார்ப்பார். கிட்டே வந்து பார்க்க மாட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கடையத்தில் இருந்து மூத்தவளின் அம்மா வந்து இறங்கினார். அறுபத்தைந்து வயது இருக்கலாம். கையில் ஒயர் கூடை. யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வராதவர், அதற்குப் பிறகும் ஒரு தடவைகூட வீட்டுக்கு வராதவர். என் கணவர் ஞாயிறுதோறும் அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தடுமாறி, "வாங்கம்மா" என்றேன்.

"இப்படி மஞ்சளா கெடக்கியே. டாக்டரு என்ன சொல்லுதாரு?"

"ஓய்வுதான்னாரும்மா. மருந்துன்னு பெருசா இல்லையாம்."

"அப்ப நாம குடுக்கலாம்லா" என்றவர் நேரே அடுப்படிக்குப் போனார். பின்கதவுத் தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது. நான் சில தடவை முயன்றும் அசையாத ஒன்று. அம்மா கதவைத் தோளால் சற்றுத் தூக்கிக்கொடுத்து இழுத்ததும் திறந்துகொண்டது. வெளியே போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். ஆவாரஞ்செடிக்கு எதிரே, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். "இம்புட்டூண்டு வச்சா" என்று முழங்காலுக்குக் கீழே கையைக் காட்டினார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

டாக்டரிடம் போனில் கேட்டேன். கீழாநெல்லியை மோரில் கலந்து குடிப்பதில் தவறில்லை, பெயர் தெரியாத பொடி எதுவும் வேண்டாம், பரிசோதனையை விட்டுவிடாதீர்கள் என்றார். அம்மாவும் சரி என்று கேட்டுக்கொண்டார். அடுப்படி மேல்தட்டில் பின்னால் தள்ளி ஒரு மண்சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. அம்மா முக்காலி போட்டு ஏறி, கையால் துழாவி அதை எடுத்தார்.

காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்த மோர். பதினோரு மணி வாக்கில் சீரகமும் நன்னாரி வேரும் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். சாயங்காலம் ஆவாரம்பூவைக் கொதிக்கவிட்டு, பனங்கற்கண்டு சேர்த்த டீ. உடம்பில் இருக்கிற அழுக்கெல்லாம் கழுவிட்டுப் போவும் என்பார் அம்மா. இதெல்லாம் உங்கள் கைவைத்தியமா என்று கேட்டேன். இல்லை, எனக்கு என்ன தெரியும், எல்லாம் அவள் செல்போனில் பார்த்தும் குற்றாலத்துக் கடையில் விசாரித்தும் கண்டுபிடித்தது, நான் கூட நின்று பார்த்ததுதான் என்றார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு அவள் இந்த வாளிகளை வாங்கி வரிசையாக வைத்தாளாம். மண்ணை அவளே பிசைந்து போட்டாளாம்.

அடுப்படி ஜன்னலுக்குக் கீழே பாய் போட்டு என்னை உட்கார வைப்பார். வேறு இடத்தில் உட்கார்ந்தால் இங்கன வா என்று கூப்பிடுவார். டம்ளரை என் கையில் தராமல் அவரே பிடித்துக்கொள்வார். "இன்னும் ஒரு வாய்" என்பார். நான் விழுங்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார், தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே இறங்கியதும் அவருடைய தொண்டையும் ஒரு தடவை இறங்கி ஏறும். பிறகு சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைப்பார்.

அந்த வாசனை வீடெங்கும் பரவும்போது என் கணவர் கிளம்பிவிடுவார். வேலை இல்லாத நாளிலும் சீருடையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்துவிடுவார். ஒரு நாள் சாயங்காலம், அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அத்தகிட்ட நீயே சொல்லிரு. அந்தச் சட்டிய அடுப்புல ஏத்த வேண்டாம்னு."

ஏன் என்று கேட்டேன். தரையில் உட்கார்ந்தார். சட்டையின் பித்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே பேசினார். அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசி நாட்களில் அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லையாம். ஆனாலும் காலையில் அடுப்பில் இது கொதிக்க வேண்டுமாம். வாசனை வந்தால்தான் கண்ணைத் திறப்பாளாம். அதற்காக அவரே காய்ச்சினாராம்.

"அவ போன பெறகும் போட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"தெரியல. காலைல எந்திரிச்சா கை அங்கதான் போச்சு. கொதிக்க வச்சு, வடிகட்டி, டம்ளர்ல ஊத்தி வச்சிட்டு, டூட்டிக்குப் போயிருவேன். வந்து பாத்தா அப்படியே இருக்கும். ஒரு நா பக்கத்து வீட்டு அம்மா வந்து சட்டிய எடுத்து மேல வச்சிட்டுப் போனாங்க."

வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டும் இருவரும் எழவில்லை.

"உங்கிட்டயுந்தான் ரத்தம் குடுத்தா" என்றார் அப்புறம்.

எனக்குப் புரியவில்லை. திருநெல்வேலிக்கு அலைய முடியாத வாரங்களில் அவளை எங்கள் நிலையத்துக்குத்தான் அழைத்து வந்தாராம். நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் குத்திக் குத்திப் பார்த்தபோது நான் வந்து ஒரே குத்தில் எடுத்துவிட்டேனாம். அந்தப் பொண்ணு கையி நல்ல கையி என்று வீட்டுக்கு வந்து சொன்னாளாம். அண்ணன் வழியாக வந்த வரனில் என் போட்டோவைப் பார்த்ததும் அவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டதாம்.

நினைவைத் துழாவிப் பார்த்தேன். நரம்பு ஒளிந்துகொண்ட கைகள் எத்தனையோ நினைவுக்கு வந்தன. கறுத்துப் போன ஊசித் தடங்கள், தளர்ந்த வளையல்கள், வியர்த்த உள்ளங்கைகள். அதில் எது அவளுடையது? அவள் கையைப் பிடித்து, முழங்கை மடிப்பை விரலால் தட்டி, "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லியிருப்பேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வேன். இப்போது அவள் வைத்த இலையை அவளுடைய சட்டியில் காய்ச்சி, அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. சட்டியும் அடுப்பை விட்டு இறங்கவில்லை.

ரத்தத்தில் மஞ்சளைக் காட்டும் பிலிருபின் அளவு இறங்கத் தொடங்கியது. டாக்டர் சொன்னபடி தானாக இறங்கியதா, கீழாநெல்லியால் இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. அந்த வேலையில் இத்தனை வருடம் இருக்கிற நானும் பிரித்துச் சொல்ல முடியாது. பசி திரும்பி வந்தது. ஒரு மத்தியானம் நார்த்தங்காய் ஊறுகாய் வேண்டும் போல இருக்கிறது என்றேன். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. "அவளும் இதத்தான் கேப்பா" என்றார். வாய் கசந்துபோன நோயாளி யாரும் புளிப்பைத்தான் கேட்பார்கள் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பைக் கழுவுகிறேன் கழுவுகிறேன் என்று என்னையும் கழுவி வெளியே ஊற்றிவிட்டு, அந்த இடத்தில் வேறு ஆளை வைக்கிறார்களோ என்று ஒரு பயம். அதற்கு அடுத்த நாள் அம்மா பின்பக்கத்தில் இருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான், "என்னம்மா" என்றேன். கூப்பிட்டவரும் கவனிக்கவில்லை. என் கணவர் மட்டும் கையில் இருந்த செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

ஆவாரம்பூ தீர்ந்துவிட்டது. செடியில் அடுத்த பூ இன்னும் வைக்கவில்லை. நன்னாரியும் குறைந்துபோயிருந்தது. குற்றாலத்துக் கடையிலேயே வாங்கிக்கலாம் என்றார் அம்மா. சீசன் களைகட்டியிருந்தது. மூவரும் ஆட்டோவில் போனோம். மெயின் அருவியில் கூட்டம் தாங்கவில்லை. அம்மா மட்டும் பெண்கள் பக்கம் போய் நனைந்துவிட்டு, ஈரத் தலையைக் கொண்டையாக முடிந்துகொண்டு வந்தார். எனக்குக் குளிக்கத் தடை. சாரல் முகத்தில் அடிக்க, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடை, பழக்கடைகளைத் தாண்டிப் போகும் தெருவில் இருந்தது. முன்னால் மங்குஸ்தான் கூடை, உள்ளே சாக்குச் சாக்காய் வேர்களும் பட்டைகளும். கடைக்கார அண்ணாச்சி முதலில் என் கணவரைப் பார்த்தார், பிறகு அம்மாவை, கடைசியில் என்னை. முகம் விரிந்தது.

"வாங்க, வாங்க. அன்னைக்குக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தீங்கள்லா. ஆளே மாறிப் போயிட்டாங்களே. நல்லா தெளிஞ்சிருச்சே முகம்."

அவர் பேசுவது என்னைப் பற்றித்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. என் கணவர் தரையைப் பார்த்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா அண்ணாச்சி" என்றார். "தேறிட்டா."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அருவித் தண்ணீர் சொட்டும் தலையோடு ஒரு தாய் நின்று தன் மகள் பிழைத்துவிட்டாள் என்று சொல்கிறாள். கொஞ்ச நேரம் அது உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தோன்றியது.

அண்ணாச்சி பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணிடம், "நான் சொல்லுவேம்லா ஒரு அம்மான்னு, இவங்கதான்" என்றார். அந்தப் பெண் கடையம் பக்கமோ செங்கோட்டைப் பக்கமோ, என் வயதுதான் இருக்கும். அவள் பின்னால் மர பெஞ்சில் ஒரு இளம்பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, வயிறு மட்டும் உப்பி. கண்ணைப் பார்த்தேன். என் கண்ணில் இருந்த மஞ்சள் இல்லை அது, வேறு மஞ்சள்.

அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என்ன குடிச்சீங்க? எவ்வளவு நாளு குடிச்சீங்க? இவளுக்கும் ஈரல்லதான். அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரியில சேக்கச் சொல்லுதாங்க. வயித்தக் கீறணுமாம். இதக் குடிச்சே உங்களுக்குச் சரியாயிட்டுன்னா நாங்க எதுக்கு அங்க போவணும்?"

ஒரு கையை அம்மா பிடித்திருந்தார், மறு கையை அவள் பிடித்திருந்தாள். பெஞ்சில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவங்க இல்லம்மா" என்றேன். "எனக்கு வந்தது வெறும் காமாலை. இங்க வந்தவங்க எறந்துட்டாங்க."

மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்து நழுவியது. அண்ணாச்சி தராசில் போட்ட வேரை மறுபடி சாக்கில் போட்டார். "திரும்ப வரலன்னா சொகமாயிட்டுன்னுதான நாங்க நெனப்போம்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "எத்தன பேருகிட்ட சொல்லிட்டேன்."

அம்மா அந்த இளம்பெண்ணின் அருகில் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அவளுடைய உப்பிய வயிற்றைப் பார்த்தார், பிறகு தாயை நிமிர்ந்து பார்த்தார்.

"எம் மவதான் இங்க வந்தது. இதெல்லாம் ஆசையா குடிச்சா. அவளுக்குக் கீறதுக்கு வழி இல்லன்னுட்டாங்க. ஒனக்கு இருக்குன்னு சொல்லுதாங்கல்லா. கூட்டிட்டுப் போ தாயி. வந்த பெறகு டாக்டரு சரின்னா இதக் குடு."

ஆட்டோவில் திரும்பினோம். என் கணவர் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்குவதைப் பின்னால் இருந்து பார்த்தேன். ரோட்டின் மேடு பள்ளம் என்று நினைக்கிற மாதிரிதான் இருந்தது. மறுநாள் காலை அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கோபம் என்று சொல்ல முடியாது. "மோர மட்டும் விட்டுராத" என்று சொன்னார். என் பெயரை அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னார்.

நான் முழுக்கத் தேறி வேலைக்குப் போகத் தொடங்கினேன். பின்கதவு இப்போது திறந்தே இருக்கிறது. தெருவில் யாருக்காவது காமாலை என்றால் கீழாநெல்லி கேட்டு வருவார்கள். கொடுப்பேன், ரத்தம் பார்த்தீர்களா என்றும் கேட்பேன். குற்றாலத்தில் பார்த்த அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. சில நாள் வேலையிடத்தில் வாசல் கதவு திறக்கும்போது அவளாக இருக்குமோ என்று நிமிர்வேன்.

சாரல் முடிந்து வெயில் ஏறிய பிறகு ஒரு நாள் தனியாகக் கடையத்துக்குப் போனேன். அம்மா எதிர்பார்த்திருந்தவர் போலக் கதவைத் திறந்தார். உள்ளே சுவரில் மாலை போட்ட படம். நோய்க்கு முந்திய படம். அகன்ற முகம், பெரிய பல்வரிசை, குட்டைக் கழுத்து. என் சாயல் துளியும் இல்லை. அந்த அண்ணாச்சி எப்படி எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்தார் என்று நெடுநேரம் அதன் முன்னால் நின்று யோசித்தேன். அவருடைய கடைக்கு அவள் போனபோது அவளிடம் இந்தப் படத்தின் முகம் மிஞ்சியிருந்திருக்காது. நோய் எங்கள் எல்லோருக்கும் ஒரே முகத்தைக் கொடுத்துவிடுகிறது போல.

அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார். உட்கார்ந்து, நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அவளைப் பற்றிப் பேசினார். பயங்கரக் கோபக்காரியாம். வீட்டில் சண்டை என்றால் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி அம்பாசமுத்திரம் வரைக்கும் போவாளாம். அங்கே பஸ் ஸ்டாண்டில் ஒரு வடையைத் தின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி துணி மடிப்பாளாம். சொல்லும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. சிரித்து முடித்த பிறகு இருவரும் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரோட்டில் அம்பாசமுத்திரத்தில் இருந்து வரும் பஸ் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. பஸ் கிளம்பிப் போனது. அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.